நபீலாவின் வீட்டு மோட்டர்

அரிசி மில்லில் பகல் முழுக்க மூட்டை சுமந்த காலிதீனுக்கு வலது தோள் கழன்று தொங்குவது போலிருந்தது. கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினால் போதும் என்று வந்தான். மனைவி சுல்பிகா குறுக்கே நின்றாள்.

"கிட்டப் போகாதீங்க. சுவிட்சப் போட்டன், கரண்ட் கையப் புடிச்சி இழுத்திட்டு. கோழியப் பாருங்க."

மோட்டரடியில், நனைந்த சீமெந்தின் மேல் பேட்டுக்கோழி கிடந்தது. கீறலில்லை, இரத்தமில்லை. மோட்டர் ஒன்றும் நடவாதது போல உறுமிக்கொண்டிருந்தது. கத்தியால், பாம்பால், காய்ச்சலால் வரும் சாவு காலிதீனுக்குத் தெரியும். சூறாவளியில் தென்னை விழுந்து செத்தவர்களையும் தூக்கியிருக்கிறான். இந்தச் சாவு எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போனதென்று பிடிபடவில்லை. காலையில் அதே இடத்தில்தான் சுல்பிகா வயிற்றுப் பிள்ளையோடு வெறுங்காலில் நின்றாள்.

வீடு, ஊரின் பெரிய வயற்காரரான போடியார் முகைதீன்பாவா மகள் நபீலாவின் சீதனத்துக்குக் கட்டியது. கலியாணம் முற்றாகும்வரை காலிதீனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் அவசரமாக மோட்டரைப் பொருத்தினார். கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் ஏர்த் கம்பி இறக்கவில்லை. மெயின் சுவிட்ச் இருந்த முன்னறையில் மகளின் கட்டிலையும் அலுமாரியையும் அடைத்துப் பூட்டி, திறப்பைக் கொண்டுபோய்விட்டார்.

காலிதீன் அவர் வாசலில் போய் நின்றான்.

"போடியார், மோட்டர் கோழியச் சாகடிச்சிப்போட்டுது. இன்னும் ஓடிக்கிட்டு இரிக்கி. ஏர்த் அடிச்சித் தாங்க."

"வெறுங்காலோட நிண்டா புடிக்கத்தான் செய்யும். கோழிக்கும் செருப்பு வாங்கிப் போடு." வெற்றிலையைத் துப்பினார். "ஊடு நபீலாட. மாப்புள வரட்டும், அவர் பாப்பார்."

"அவர் வரக்குள்ள நாங்க உசிரோட ஹயாத்தோட இரிக்கணுமே."

உள்ளே நபீலா நின்ற திரை அசைந்தது. "ஊடு என்டயெண்டா திறப்பத் தாங்க, வாப்பா."

"நீ என்ன, வயர்மேனா?"

 ஆணியிலிருந்து திறப்பு எடுபடும் சத்தம் கேட்டது.

பெரியபிள்ளையான பிறகு பகலில் தெருவில் இறங்காதவள், உம்மாவோடு முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு வந்தாள். தன்னுடைய வீட்டுக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தாள். அறையைத் திறந்தாள். இன்னும் ஒருவரும் படுக்காத கலியாணக் கட்டிலின் பலகையில் றப்பர் செருப்போடு ஏறி, விளக்குமாற்றுக் காம்பால் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

உறுமல் நின்றது. காலிதீன் அந்தச் சுவிட்சைப் பார்த்தான். கோழியைக் கொன்றது எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிதை இந்தப் பிள்ளை ஒரு தட்டில் நிறுத்திவிட்டாள். வேலிக்கு அப்பால் கடல் இரைந்தது. இத்தனை நேரம் அது எங்கே இருந்தது?

நபீலா இறங்கி அறையைப் பூட்டினாள். திறப்பைச் சுல்பிகாவிடம் நீட்டினாள்.

"இது உங்கட கையில இரிக்கட்டும், ராத்தா. ஏர்த் அடிக்காம ஒத்தரும் மெயின் சுவிட்சப் போடப்படாது. ஏர்த் கம்பிய நான்தான் தரணும்."

மாரி தொடங்கிவிட்டது. காலிதீன் கயிற்றால் தண்ணீர் இழுத்தான். மோட்டர் மழையில் சத்தமில்லாமல் நனைந்தது. நபீலா தரவேண்டிய ஏர்த் கம்பி இன்னும் வரவில்லை.