ஜூரி அறைக்கு வெளியே ஒன்பதாம் எண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை ஜூரியில் சேர்த்துக்கொள்ளாத கடுப்பில்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். எங்கள் விஸ்கான்சின் கவுண்டி நீதிமன்றத்தில் என்ன தொழில் என்று கேட்டார்கள். கதை எழுதுகிறேன் என்றேன். இரு தரப்பு வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் நான் வாசலில் இருந்தேன்.

ஆகவே என் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்தேன்.

2

நீதிக்காக ஏங்கிய ஆர்லிஸ் ஹாக்டால் அன்று காலை...

இல்லை. ஆர்லிஸ் எதற்கும் ஏங்கவில்லை. முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. ஜூரி வேலையிலிருந்து எப்படியாவது தப்பித்துப் போகத்தான் பார்த்தார். பாரபட்சமில்லாமல் கேட்பீர்களா என்று நீதிபதி கேட்டார்.

"பஸ்ல அறுபது பிள்ளைங்க, ஜட்ஜம்மா. ரெண்டு பக்கமும் கேக்காம நான் யாரையும் திட்டினதில்ல."

சொல்லி முடித்ததுமே மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துவிட்டது.

3

குளிரில் உறைந்த ஏரியின் பனிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசை ஒன்று எரிந்துபோனது. தீ வைத்ததாகப் பக்கத்துக் குடிசைக்காரர் ராய் பெல்க்னர்மேல் வழக்கு. (முதல் வரைவில் கொலை வைத்திருந்தேன். எங்கள் ஊருக்கு ஒட்டவில்லை.) குடிசைதானே என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு எதிராக வந்தால் ராய்க்குச் சிறை.

சாட்சி ஒரே ஒருவர். ஜனவரியில், காலை ஆறரை மணிக்கு, எரிந்த குடிசைப் பக்கமிருந்து ராயின் சிவப்புப் பனிவண்டி போவதைக் கரையிலிருந்து பார்த்தாராம்.

ஆர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அந்தக் கரைச் சாலையில்தான் தினமும் பஸ் ஓட்டுகிறார். எங்கள் ஊர் ஜனவரியில் ஆறரைக்கு இன்னும் விடிந்திருக்காது. அந்த இருட்டில் சிவப்பு ஏது, கறுப்பு ஏது? இரு வக்கீல்களுமே அதைக் கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை ஜூரிகள் தங்களுக்குள் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. இரண்டு நாள் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

4

வழக்கைக் கேட்டவர்கள் பதின்மூன்று பேர். முடிவெடுப்பவர்கள் பன்னிரண்டு பேர். யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் என்று ஒருவர் கூடுதல். அது யார் என்பது கடைசி நாள் குலுக்கலில்தான் தெரியும்.

எழுத்தர் எடுத்த சீட்டில் ஒன்பது. ஆர்லிஸின் எண்.

(சீட்டு என் கையில்தானே இருந்தது என்பீர்கள். மாற்றியும் பார்த்தேன். அந்த வரைவில் ஆர்லிஸ் உள்ளே போய்ப் பேசினார், எல்லோரும் தலையாட்டினார்கள், எனக்கே தூக்கம் வந்துவிட்டது.)

ஜூரி அறை வாசலில் காவலர் மெர்ல் நின்றார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன், மெர்ல்."

"ஒரு எழுத்துகூட முடியாது. வீட்டுக்குப் போங்கக்கா."

போகவில்லை. பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

5

கதவுக்கடியில் ஆர்லிஸ் ஒரு காகிதத்தைத் தள்ளினார் என்று...

தள்ளமாட்டார். எனக்குத் தெரியும்.

இரண்டரை மணிக்கு உள்ளேயிருந்துதான் காகிதம் வந்தது. எல்லோரையும் கூட்டிவைத்து நீதிபதி உரக்கப் படித்தார்: அன்று சூரியன் எத்தனை மணிக்கு உதித்தது?

ஆர்லிஸ் சிரித்துவிட்டார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். கேட்ட சாட்சியத்தை வைத்தே முடிவு செய்யுங்கள் என்று பதில் போனது. ஆர்லிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"தீர்ப்பு கேக்கலையா?" என்றார் மெர்ல்.

"உள்ள ஆள் இருக்கு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நானும் அவர் பின்னாலேயே வந்துவிட்டேன். பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தபோது நாங்கள் இருவருமே அங்கே இல்லை. சாட்சி சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். ராய் எழுந்து நிற்கிறார், சொல்லுங்கள்.