சித்தாள் கூலி

ஒரகடம் சாலையில் வல்லத்தைத் தாண்டியதும் மழைத்தண்ணீர்க் கால்வாய்க்கு மேலே ஒரு சின்னப் பாலம் வரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி கடந்துவிடும். அதைப் பாலம் என்று யாரும் மதிப்பதுகூட இல்லை. ஆனால் கம்பெனி வேன் அதன்மேல் ஏறும்போதெல்லாம் காசிராஜனுக்கு உள்ளே என்னவோ செய்யும். பக்கத்து சீட்டில் தூங்கி வழியும் நயினாரைத் தட்டி எழுப்பி, இது நாங்கள் கட்டியது என்பான். நயினாரும் ஒவ்வொரு தடவையும் அப்படியா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போவான். கார் சீட் தைக்கிற கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வாட்ச்மேன் வேலை. வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவன் வேனில் தூங்காமல் வேறெங்கே தூங்குவான் என்று காசிராஜனும் விட்டுவிடுவான்.

அந்தச் சாலையை அகலப்படுத்திய காலத்தில், 2009 என்று நினைவு, காசிராஜன் மேஸ்திரி. சும்மா மேஸ்திரி இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷன் பெண்டாட்டியாக ஆள் கூட்டி வந்து இறக்கிய மேஸ்திரி. பெரிய கம்பெனி எடுத்த அரசாங்கக் காண்ட்ராக்டில், சின்னப் பாலங்களையும் கால்வாய்களையும் மட்டும் வாலாஜாபாத் கோபால் வாங்கியிருந்தார். கோபாலுக்கு எல்லாமே காசிராஜன்தான். வெள்ளைச் சட்டை, கையில் வாட்ச், கழுத்தில் ஒரு விசில். சட்டி தூக்குவது, மண் வெட்டுவது எல்லாம் மற்றவர்கள் பாடு. அவன் விசில் ஊதினால் வேலை ஆரம்பம், மறுபடி ஊதினால் சாப்பாடு.

வேலையாட்களுக்குச் சாலையோரம் வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் உள்ளே இருந்தால் வெந்து போகலாம், மழைக்காலத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஆனாலும் அந்த நாட்களைப் போல இனி வராது என்றுதான் காசிராஜனுக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பரம்பாக்கம் ஏரி மீனை சைக்கிளில் வைத்துக் கூவிக்கொண்டு ஒருவர் வருவார். மதியத்துக்குள் வரிசை முழுக்க ஒரே குழம்பு வாசனை. பேச்சி மட்டும் புளியைக் கூடப் போட்டு ஊர்ப்பக்கத்துக் கைப்பக்குவத்தில் வைப்பாள். பேச்சி அவன் மனைவி. மேஸ்திரி மனைவி என்பதற்காக அவள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மற்றப் பெண்களோடு சித்தாளாகச் சட்டி தூக்கினாள்.

கட்டட வேலையில் கையாளாக நிற்கிற ஆணுக்குப் பெரியாள் என்றும் பெண்ணுக்குச் சித்தாள் என்றும் பெயர். இரண்டு பேரும் தூக்குவது ஒரே சட்டி, உள்ளே இருப்பதும் ஒரே கான்கிரீட். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைந்த கூலி. அதையும் புருஷன் கையில் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது.

அது அரசாங்கச் சாலை. அரசாங்க வேலையை எடுப்பவர், அரசாங்கம் விதித்த கூலியைக் குறைக்காமல், ஆண் பெண் பேதம் பார்க்காமல், அவரவர் கையில் கொடுக்க வேண்டும் என்று காண்ட்ராக்டிலேயே இருக்கிறது. கூலி விகிதத்தைத் தமிழில் எழுதி வேலையிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கவும் வேண்டும். கோபால் சட்டத்தை மதிக்காதவர் இல்லை. அழகான எழுத்தில் நீலப் பலகை எழுதி வாங்கினார். வாங்கி, சிமெண்ட் கொட்டகைக்குள் சுவரைப் பார்த்தபடி சாத்தி வைத்தார். அது பாட்டுக்குப் பல மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு நாள் கோபால் பைக்கை நிறுத்தும்போதே முகம் சரியில்லை. தொழிலாளர் துறையிலிருந்து ஷெர்லின் மேடம் வரப்போகிறாராம். அவர் நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த பில் பாஸாகும். பலகையை வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நட்டார்கள். பிறகு காசிராஜனைத் தனியே கூப்பிட்டார்.

"காசி, அந்தம்மா ஒவ்வொருத்தரையா கூப்ட்டு கேக்குமாம். போர்டுல இன்னா கீதோ அதையே சொல்லணும், இன்னா? பொம்பளைங்களுக்கு நல்லா சொல்லிக் குடுத்துடு."

அவனுக்குப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலமே எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். ஒன்றும் தேறவில்லை. உள்ளூரிலிருந்து வேலைக்கு வந்த லீலா, எத்தனை தடவை கேட்டாலும் தான் வாங்குகிற கூலியையே சொன்னாள். பொய் சொல்ல வராத வாய் அவளுக்கு. மறுநாளும் அதே கதை. அப்போதுதான் காசிராஜனுக்கு அந்த யோசனை வந்தது. நாசமாய்ப் போன யோசனை என்று பிற்பாடு கோபால் அதைச் சொல்வார்.

கான்கிரீட் போடும் நாளில் மிக்ஸரிலிருந்து பாலம் வரை ஆளும் சித்தாளுமாக வரிசை கட்டி நிற்பார்கள். சட்டி கை மாறிக் கை மாறிப் போகும். வேகம் குறையாமலிருக்க ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் கொடுப்பார்கள். சாமி பெயர், ஊர் பெயர், கேலி கிண்டல், எது வேண்டுமானாலும் அதில் வரும். காசிராஜன் அதில் கூலியைப் போட்டான்.

"பெரியாளுக்கு என்ன கூலி?"

"பலகைக் கூலி."

"சித்தாளுக்கு என்ன கூலி?"

"அதே கூலி."

நன்றாகத்தான் இருந்தது. சட்டி பறந்தது. லீலாவே கணீரென்று சொன்னாள். சம்மட்டி அடிக்கும்போதும், தண்ணீர் எடுக்கும்போதும், கொட்டகையில் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போதும்கூட அதே பாட்டு. ஒன்றை அவன் யோசிக்கவே இல்லை. நாள் முழுக்க அதே கூலி, அதே கூலி என்று சொல்கிற வாய், சனிக்கிழமை வேறு கூலி வாங்கும்போது சும்மா இருக்குமா? பெண்கள் பலகைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் சொன்னார்கள். பேச்சி பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷெர்லின் மேடம் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார். ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத பெண்மணி. முதலில் பேச்சியைத்தான் கூப்பிட்டார். எவ்வளவு கூலி என்று கேட்டார். பேச்சி பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியாகச் சொன்னாள். லீலாவும் சொன்னாள். வரிசையில் ஒருத்திகூடப் பிசகவில்லை. கோபால் காசிராஜனைப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் போட்டார்.

மேடம் பேனாவை மூடினார். இன்றைக்குச் சம்பள நாள்தானே, எல்லோருக்கும் என் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள் என்றார். அவரவர் கையில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

கோபாலுக்கு வேர்த்துக் கொட்டியது. ரோலர் டீசலுக்கு வைத்திருந்த பணத்தையும் எடுத்துப் போட்டுத்தான் சமாளித்தார். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள். கல்யாணமான நாளிலிருந்து பேச்சியின் கூலி அவள் கைக்கு நேராக வந்தது அன்றைக்குத்தான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

மேடத்தின் ஜீப் திரும்பியதும் கோபால் சொன்னார். "பொம்பளைங்களுக்கு ஜாஸ்தியா போனத வாங்கிக்கினு வந்துடு காசி. மொதல்ல உன் வூட்லர்ந்து ஆரம்பி. மேஸ்திரி சம்சாரமே குடுத்துட்சின்னா மத்தவளுங்க மறுபேச்சு பேச மாட்டாளுங்க."

இதொன்றும் புதிதில்லை. எத்தனையோ சைட்டில் நடப்பதுதான். கொடுக்கிற மாதிரி கொடுத்து, கொட்டகையில் போய்த் திரும்ப வாங்குவது. காசிராஜனே வாங்கிக் கொடுத்திருக்கிறான். அன்றும் கொட்டகை வரிசைக்குள் நுழைந்தான். பெண்கள் வாசலில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

பேச்சி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். கொடுக்காவிட்டால் மேஸ்திரி வேலை போய்விடும், ஊரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் முன்னால் மானம் போய்விடும், நாளைக்கு வேறு எந்தக் காண்ட்ராக்டரும் நம்பமாட்டார் என்றான். எல்லாம் உண்மை. அவள் ஊதுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பணம் மொத்தத்தையும் அவன் கையில் வைத்தாள்.

"ஜாஸ்தின்னு சொல்லுதீகள்லா, நீங்களே எடுத்துக்கிடுங்க. நான் தரமாட்டேன்னு சொல்லல. எந்தச் சட்டிய நான் கொறச்சித் தூக்குனேன்னு மட்டும் சொல்லிட்டு எடுங்க."

எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"நீங்க விசில் ஊதுன எடத்துல நிக்கேன். பக்கத்துல பெரியாளு வனமாமலை நிக்காரு. அவரு கையில இருந்துதான் என் கைக்கு வருது. வழியில எங்க கொறஞ்சிச்சு?"

சண்டைக்குக் கேட்ட மாதிரி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. பெண்டாட்டி கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான், ஒரு வழியாக வாங்கியும் இருப்பான். மேஸ்திரியாக இத்தனை வருஷம் வரிசையை மேற்பார்வை பார்த்தவனுக்கு, எந்த இடத்திலும் குறையவில்லை என்று நன்றாகத் தெரியும். பணத்தை அவள் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தான். அடுத்த கொட்டகைக்குப் போகவில்லை.

கோபாலிடம் வெறுங்கையோடு போய் நின்றான். யாரும் தரவில்லையா என்று கேட்டார். நான் யாரிடமும் வாங்கவில்லை, வாங்கக் கை வரவில்லை என்றான். கோபால் கெட்ட மனிதர் இல்லை, டீசல் பணம் போன மனிதர். பதில் வெடுக்கென்று வந்தது.

"அப்ப விசில இங்க வச்சிட்டு சட்டி தூக்கு, போ. மேஸ்திரின்னு என் எதுர்ல வந்து நிக்காத."

ஒருவரையும் வேலையை விட்டு அனுப்ப அவரால் முடியவில்லை. பெயரெல்லாம் மேடத்திடம் இருந்தது, அவர் திரும்பியும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் பெண்கள் இருந்தார்கள், பலகையும் இருந்தது. காசிராஜன் பெரியாளானான்.

திங்கட்கிழமை அவன் வரிசையில் போய் நின்றபோது ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. மதியத்துக்குள் வெட்கமெல்லாம் பறந்து, தோள்பட்டை மட்டும்தான் மிஞ்சியது. அப்பாடி, என்ன கனம். இத்தனை நாள் விசிலை ஊதிக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று இதைத்தான் விரட்டினோமா என்று நினைத்தான். ஜல்லி சுமக்கும்போது தலைக்கு வைக்கத் துண்டை எப்படிச் சுருட்டுவது என்பதுகூட அவனுக்கு மறந்துபோயிருந்தது. பேச்சிதான் சுருட்டி வைத்துவிட்டாள். கழுத்தை விறைப்பா வைக்காதீக, அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. ராத்திரி கையை மேலே தூக்க முடியாமல் கிடந்தவனுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஒரு நாளாவது அவளுக்கு அப்படித் தேய்த்துவிட்டோமா என்று யோசித்தான். இல்லை.

இருவரும் சேர்ந்து வேலைக்குப் போய், சேர்ந்து திரும்பி, சேர்ந்து களைத்துப்போன காலம் அதுதான். இப்போது அவள் ஒரு ஹாஸ்டலில், தெற்கேயிருந்து வந்த பையன்களுக்குச் சமைக்கிறாள். அவள் திரும்பும் நேரத்தில் இவன் ஷிப்டுக்குக் கிளம்புகிறான். வாசலில் செருப்பு மாட்டுகிற நேரம்தான் பேச்சு. அந்தப் பாலத்தில் வேன் ஏறும்போது அவனுக்கு உள்ளே ஏதோ செய்கிறது என்றால், சிமெண்டுக்காக இல்லை.

மேடம் சொன்னபடி அடுத்த மாதமும் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை கோபால் முன்கூட்டியே எல்லோருடைய கூலியையும் காக்கிக் கவரில் போட்டு ஒட்டித் தயாராக வைத்திருந்தார். பேச்சியைக் கூப்பிட்டார்கள், போய் வாங்கினாள். கொஞ்சம் பொறுத்துக் காசிராஜனைக் கூப்பிட்டார்கள். என்ன வேலை என்று மேடம் கேட்டார். பெரியாள் என்றான். கவரை வாங்கிக்கொண்டு நேராக வந்து, வைத்துக்கொள் என்று பேச்சி கையில் கொடுத்துவிட்டு, தொட்டியில் முகம் கழுவப் போனான்.

திரும்பி வந்தபோது அவள் இரண்டு கவரையும் மடியில் வைத்துக்கொண்டு மண் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். மேலே பெயர் எழுதவில்லை. வெற்றிலைக்குச் சில்லறை எடுக்கலாம் என்று, இதில் எது என்னுது என்று கேட்டான்.

பேச்சி இரண்டையும் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. இரண்டையும் அவன் முன்னால் நீட்டினாள்.

"தெரியல. எதையாவது எடுத்துக்கிடுங்க."