மேடு ஏறாதவன்

இமந்த்ஸ் வீதொல்ஸ் தன் வாழ்நாளில் ஒரு மேட்டிலும் ஏறியதில்லை. கௌயா ஆற்றங்கரையிலிருந்து ஊருக்குள் வருவதற்கே மூச்சு வாங்கும் சிகுல்டாவில் பிறந்தவனுக்கு இது நடக்கக்கூடாத காரியம்தான். ஆனால் அவன் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் அந்தப் பக்கம் தரை கீழ்நோக்கிச் சரிந்தது. வீட்டிலிருந்து ஆற்றுக்கும் இறங்கியே போனான், ஆற்றிலிருந்து வீட்டுக்கும் இறங்கியே வந்தான். சாப்பிட உட்கார்ந்தால் சூப் தட்டின் எதிர் ஓரத்துக்குச் சாய்ந்துவிடும் என்பதால் அவனுக்கு மட்டும் ஆழமான கிண்ணம். உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசுவதுபோல ஊரார் கொஞ்ச நாள் இதைப் பற்றிப் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். காட்டோரம் கான்கிரீட்டில் பனித்தடம் கட்டி அதில் சறுக்கும் பாப்ஸ்லெட் வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, ஓட்டுவதற்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் ஒருவருக்கும் குழப்பமில்லை.

பின்னால் உட்காரப்போகிறவன் விஷயத்தில்தான் குழப்பம். இருவர் வண்டியில் முன்னவன் திருப்புவான். பின்னவன் வண்டியைத் தள்ளிவிட்டுத் தாவி ஏறி, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்து, கடைசியில் பிரேக்கை இழுப்பான். எல்லைக்கோட்டுக்கு அப்பால் வேகம் தணியட்டும் என்று தடத்தை மேடாக்கியிருப்பார்கள். மற்றவர்களின் வண்டி அந்த மேட்டிலேயே பாதி அடங்கிவிடும். இமந்த்ஸுக்கு அந்த மேடும் இறக்கம்தான். முதலில் உட்கார்ந்த இருவரும் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காமல், பிரேக்கை இழுத்து இழுத்தே தோள் விலகிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவன் எகோன்ஸ் கல்வே. மர ஆலையில் கட்டை தூக்கிய உடம்பு. யாரையும் லேசில் நம்பாத மனம். கடையில் கம்பு ரொட்டியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவான். வெளியே வெயிலடிக்கிறது என்று யாராவது சொன்னால் எழுந்துபோய் ஜன்னலைப் பார்ப்பான்.

அவர்கள் போன இடமெல்லாம் ஜெயித்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் முதலில் கைதட்டினார்கள், அடுத்த வருடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அதற்கடுத்த வருடம் புகார் கொடுத்தார்கள். வண்டியின் அடியிலிருக்கும் எஃகுத் தண்டுகளைச் சூடாக்கினால் பனி கூடுதலாக வழுக்கும், இவர்கள் செய்வது அந்தத் திருட்டுதான் என்றார்கள். எகோன்ஸுக்கும் அதே சந்தேகம் இருந்தது. யாரும் இல்லாத நேரத்தில் தண்டுகளைத் தொட்டுப் பார்த்தான், மோந்து பார்த்தான், இருக்கைக்கு அடியில் எடை கூட்ட ஈயம் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று கைவிட்டுத் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவனுக்கு இன்னும் பெரிய சந்தேகமாயிற்று.

பிறகு எகோன்ஸின் கால்கள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சறுக்குகிறவனுக்கு மலையேறிகளைப் போல கெண்டைச் சதை திரண்டது. மாலையானால் முட்டி வலித்தது. இமந்த்ஸின் மனைவி மிர்த்சா அதைப் பார்த்துவிட்டு, தன் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

"கடைக்குப் போனா அவருக்குப் பின்னால நடக்காதப்பா. பக்கத்துல நட. பின்னால நடந்தா ஏத்தம்தான்," என்றாள்.

எகோன்ஸ் அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தான். ஒருவன் எப்போதும் இறங்குகிறான் என்றால், அவனுடைய ஏற்றத்தையெல்லாம் ஏறுவது யார்?

உலகப் போட்டி சிகுல்டாவிலேயே நடக்கவிருந்த வருடம், தண்டுகளைச் சோதிக்க ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். பெயர் யார் வாயிலும் நுழையாததால் மீசைக்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். ரயில் நிலைய உணவுக்கூடத்தில், பன்றிக்கொழுப்பு போட்ட பட்டாணியை முன்னால் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளன் வழியாக அவர் எகோன்ஸிடம் பேசினார். "நீ வாயத் திறக்க வேண்டாம். விசாரணையில அவன் தண்டைச் சூடாக்கினானான்னு கேக்கும்போது ஆமான்னு தலைய மட்டும் ஆட்டு. அவன் பதக்கம் போகும், உன்னுது நிக்கும். அடுத்த வருஷம் முன் சீட்டு உனக்குத்தான்." மொழிபெயர்ப்பாளன் சரியாகத்தான் சொல்கிறானா என்பதிலேயே எகோன்ஸுக்குச் சந்தேகம்.

மறுநாள் பயிற்சி ஓட்டத்தில் அவன் பிரேக்கை இழுக்கவில்லை. என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டான்.

வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டியது, மேட்டைத் தாண்டியது, தடம் முடிகிற இடத்தில் வைக்கோல் மூட்டைகளைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பேருந்துகள் நின்ற திடலைக் கடந்து, பிர்ச் மரங்களுக்குள் நுழைந்து, ரீகா சாலையை லாரிக்காரன் ஒருவன் சிலுவை போட்டுக்கொள்ளக் குறுக்கே வெட்டி, பனி மூடிய வயல்களில் ஓடியது. வேகம் குறையவே இல்லை.

"எகோன்ஸ், தூங்கிட்டியா?" முன்னாலிருந்து குரல் வந்தது.

"இல்ல."

"அப்ப இழுடா."

"என் கால் ஏன் வலிக்குதுன்னு சொல்லு, இழுக்கிறேன். நீ இறங்குறதையெல்லாம் என் தலையில கட்டுறியா?"

"தெரியாதுடா! சத்தியமாத் தெரியாது!" இமந்த்ஸின் குரல் நடுங்கிற்று. அப்படி ஒரு நடுக்கத்தை எகோன்ஸ் அதற்குமுன் கேட்டதில்லை. "பொறந்ததுலேர்ந்து என்னை யாரோ பின்னாலேர்ந்து தள்ளிக்கிட்டே இருக்காங்க. ராத்திரி கட்டில்ல இடுப்பக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கிறேன், மிர்த்சாவைக் கேளு. நானா நின்னதே இல்ல. நீ இழுக்கும்போது மட்டும்தான் நிக்கிறேன். அதுக்குத்தான்டா இந்த வண்டியிலயே ஏர்றேன். ஜெயிக்கிறதுக்குன்னா நெனச்சே?"

எகோன்ஸ் இதையும் ஒரு கணம் சந்தேகித்தான். பிறகு இரண்டு கைகளாலும் பிரேக்கை இழுத்தான். பிரேக்கின் பற்கள் உறைந்த மண்ணைக் கிழித்துக்கொண்டு போயின. ஒரு பண்ணைத் தொழுவத்தின் வாசலில், ஒரு பசுவின் மூக்குக்கு நேரே வண்டி நின்றது. இமந்த்ஸ் தலைக்கவசத்தைக் கழற்றாமல் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எகோன்ஸ் இறங்கிப் பக்கவாட்டில் போய்ப் பார்த்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மேட்டுல ஏர்றது எப்படிடா இருக்கும்?" என்று கேட்டான்.

"மூச்சு வாங்கும். ஒன்னை மாதிரி ஆளுங்களத் திட்டத் தோணும்," என்றான் எகோன்ஸ்.

விசாரணையில் மீசைக்காரர் வெப்பமானியைத் தண்டில் வைத்தார், பனியில் வைத்தார், கடைசியில் இமந்த்ஸின் வாயிலும் வைத்தார். எல்லாம் முறைப்படியே இருந்தன. எகோன்ஸைக் கேட்டபோது அவன் தலையை ஆட்டவில்லை. "தண்டு சில்லுனுதான் இருந்துச்சு. சந்தேகப்படணும்னா ரெண்டு பேரையும் சேத்தே சந்தேகப்படுங்க," என்றான். அதற்குள் மேசையிலிருந்த பென்சில் இமந்த்ஸின் பக்கத்திலிருந்து தானாக உருண்டு எதிர்ப்பக்கம் விழுந்தது. மீசைக்காரர் அதை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி உருண்டது. பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தண்டுகளில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, மாலை ரயிலில் போய்விட்டார்.

அந்த வருடமும் அவர்களே ஜெயித்தார்கள், அதற்குப் பிறகும் சில வருடங்கள். நாட்டின் கொடி மாறியது, சட்டையில் தைத்த எழுத்துக்கள் மாறின. இமந்த்ஸின் கண்பார்வை மங்கியதும் இருவரும் ஒரே நாளில் விலகிக்கொண்டார்கள். எகோன்ஸ் தன் முட்டிகளைக் காட்டாத மருத்துவர் அந்த மாவட்டத்தில் இல்லை. எல்லோரும் மலையேறுவதைக் குறைக்கச் சொன்னார்கள். இமந்த்ஸ் மேல் அவனுக்கு இருந்த சந்தேகம் முழுதாகப் போகவில்லை. போய்விட்டது என்று அவன் சொல்லிக்கொண்டதும் இல்லை.

இப்போதும் காலையில் மிர்த்சா பக்கத்து வீட்டு வேலிக்கு மேலாகக் கூப்பிடுவாள். "எகோன்ஸ், இவரு கெளம்பிட்டாருப்பா!" எகோன்ஸ் காப்பியை அப்படியே வைத்துவிட்டு, முனகிக்கொண்டே போய் இமந்த்ஸின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வான். முன்னவன் இறங்குவான், பின்னவன் ஏறுவான். தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரொட்டிக் கடை வாசல் வந்ததும் எகோன்ஸ் கோட்டை இழுப்பான், இமந்த்ஸ் நிற்பான்.