வலிக்காத நெஞ்சு

மாற்று இதயம் வைத்து நாலு வருஷம். கிடங்கில் எல்லாரும் கட்டை என்று கூப்பிடும் மூட்டைக்காரருக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து: "பாரம் தூக்கலாம்" என்று டாக்டரம்மா எழுதித் தர வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு கிடங்கு வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதிச் சலித்துவிட்டது.

டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்து ரத்தக் குழாய்கள் நூலாக இளைத்திருந்தன.

"ரெண்டு மாசமா திருட்டுத்தனமா தூக்கிட்டுதாம்மா இருக்கேன். சுள்ளுன்னுகூட ஒரு வலி இல்ல."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "வராது. பழசை எடுக்கும்போதே நரம்பை வெட்டியாச்சு. அடைச்சாலும் இந்த நெஞ்சு வலிக்கிறது அபூர்வம்."

வலி இல்லையென்றால் உடம்பு சரி. முப்பது வருஷம் அவர் நம்பிய வைத்தியம் அது ஒன்றுதான்.

"குழாய் ஏன் சுருங்குது?"

"வந்த இதயத்தை உங்க உடம்பு இன்னும் வேத்தாளாத்தான் பாக்குது. அந்தச் சண்டையில சில ஜீன்கள் ஓயாம வேலை செஞ்சு குழாய்ச் சுவரைத் தடிக்க வைக்குது. எதெதுன்னு தேடத்தான் இன்னொரு குப்பி ரத்தம் கேக்குறோம்."

"யார் ஜீன்? என்னோடதா, குடுத்த மகராசனோடதா?"

"ரெண்டும்."

"ஒரே அடுப்படியில ரெண்டு ஓரகத்தி!"

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடாமல் புது மாத்திரைதான் எழுதினார்.

கிடங்கில் சிமென்ட் இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கட்டையின் மனைவிக்குத் தம்பி. கையெழுத்தோடு வந்திருப்பார் என்று நினைத்து, "வாங்க மாமா, குனிங்க" என்றான். இரண்டு பேர் மூட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நின்றார்கள். முதுகு தானாக வளைந்தது. சாக்கு தோளில் பட்டது. நன்றாகத்தான் இருந்தது.

"தோள்!" என்றார்.

வலி தாங்காதவன் கொடுக்கும் குரல் அது. கேட்டவுடன் அடுத்தவன் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மேஸ்திரி வாங்கிக்கொண்டான்.

"இன்னும் ஏத்தவே இல்லியே மாமா. எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்லடா."

"வலிக்காம எவனாவது தோள் சொல்வானா?"

"நரம்பை வெட்டியாச்சாம், இந்த நெஞ்சு வலியைச் சொல்லாதாம். நான்தான் முந்திக்கணும். இனிமே தூக்க மாட்டேன்."

மேஸ்திரி மூட்டையை அடுக்கில் போட்டுவிட்டு வந்தான். "இனிமேன்னா? அப்ப இதுவரைக்கும்?"

"ரெண்டு மாசம். நீ சாப்பிடப் போற நேரத்துல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நீயே பக்குவமா எடுத்துச் சொல்லேன்."

"நானா? என் நெஞ்சுல நரம்பெல்லாம் அப்படியே இருக்கு மாமா."

ஆட்கள் சிரித்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டிருந்தது.