வெண்ணெய் டப்பாவில் ஐந்து புட்டிகள்

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி அடித்தால் ஒடெஸா ப்ரூயிட் கையில் ரப்பர் உறை ஏறிவிடும். மெம்ஃபிஸ் நகரத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகும் அந்தச் சலவைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக அவள்தான் மேற்பார்வையாளர். சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜுக்கும் அவள்தான் அதிகாரி. பேர் எழுதாத பாத்திரம் எதுவானாலும் வெள்ளிக்கிழமை காலியாகிவிடும். இந்தச் சட்டத்தை அவளே போட்டாள், அவளே நிறைவேற்றினாள். யாராவது முறையிட்டால் தள்ளுபடி செய்கிறவளும் அவளே.

அன்றைக்குக் கடைசித் தட்டில், ஜூஸ் குடுவைக்குப் பின்னால், ஒரு பழைய வெண்ணெய் டப்பா இருந்தது. அந்தக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் அநேகமாக எல்லாரும் கறுப்பினப் பெண்கள். அவர்கள் யார் வீட்டிலும் வெண்ணெய் டப்பாவுக்குள் வெண்ணெய் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. முந்தாநாள் கீரை இருக்கும், காராமணி இருக்கும், பன்றி எலும்புக் குழம்பு இருக்கும். டப்பாமேல் பேர் இல்லை. ஒடெஸா திறந்து பார்த்தாள். உள்ளே ஐந்து சின்னப் புட்டிகள். மேலே மஞ்சளாக ஏடு கட்டி, கீழே நீர்த்துப்போய் என்னவோ ஒன்று.

"இந்த வெர்லீனும் அவ சாலட்டுக்கு ஊத்தற குழம்பும்! திரிஞ்சு கெடக்கு பாரு" என்று இஸ்திரி இயந்திரத்தில் வேலை பார்க்கும் வெர்லீனைத் தனக்குத்தானே வைதுகொண்டு ஐந்தையும் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். புட்டிகள் குப்பைக்குப் போயின. டப்பாவை எறிய மட்டும் மனசு வரவில்லை. நல்ல டப்பா. சோப்புப் போட்டுக் கழுவித் தட்டுமேல் கவிழ்த்து வைத்தாள்.

பத்து நிமிடம் கழித்து மார்க்கெட்டா உள்ளே வந்தாள். வயது இருபத்துநாலு. மடிப்பு மேஜையில் வேலை. ஒரு கை ஏப்ரன் பைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தவள் குனிந்து பார்த்தாள், ஜூஸ் குடுவையை நகர்த்திப் பார்த்தாள். பிறகு திரும்பியபோது தொட்டி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த டப்பா கண்ணில் பட்டது.

"மிஸ் ஒடெஸா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"உன்னுதா அது? ஊத்திட்டேன். பேர் எழுதி வைன்னு எத்தன தடவ சொல்றது? இன்னிக்கி வெள்ளிக்கிழமைன்னு..."

"ஊத்திட்டீங்களா? அஞ்சையுமா?"

"கெட்டுப்போச்சுடி அது. மேலே மஞ்சளா..."

மார்க்கெட்டா சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது என் பால், மிஸ் ஒடெஸா. மைக்காவுக்கு வெச்சிருந்த பால். தாய்ப்பால எடுத்து வெச்சா அப்படித்தான் பிரியும், கெட்டுப்போகல" என்றாள்.

மைக்கா யாரென்று கூடம் முழுக்கத் தெரியும். பதினோரு வாரம் முந்திக்கொண்டு பிறந்து, ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற அவள் பிள்ளை. பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவன் வீட்டுக்கு வரும்போது கூட இருக்க வேண்டுமென்று மிச்ச விடுப்பைச் சேமித்து வைத்து, அவள் இரண்டு வாரமாக வேலைக்கு வருகிறாள். பிள்ளை பிறந்தபோது ஒடெஸா பெரிய தட்டு நிறைய மக்ரோனியும் சீஸும் சுட்டுக் கொடுத்தாள். அழுதாள், ஜெபம் செய்தாள். கெட்டவள் இல்லை அவள். ஆனால் மார்க்கெட்டா பால் எடுக்கும் பம்பை முதல் நாள் கொண்டுவந்தபோது, இதே அறையில், இதே மேஜையில் அவள் சொன்னது என்ன?

"என்னடி இது, பண்ணையில மாடு கறக்கற மிஷினா? நம்ம ஜனங்க இதெல்லாம் பண்றதில்ல கண்ணு. டப்பா பால் எதுக்கு இருக்கு?"

மேஜையே குலுங்கிச் சிரித்தது. அன்றோடு மார்க்கெட்டாவின் பம்ப் கழிவறைக்குப் போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பெயர்ச் சீட்டுகளைப் புட்டியில் ஒட்டாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஒட்டுவாள். வீட்டில் எடுத்ததையும் இங்கே எடுத்ததையும் வெண்ணெய் டப்பாவுக்குள் ஒளித்தாள். கழிவறைக் கதவை இரண்டு தடவை தட்டி, "உள்ள குடித்தனமே நடத்தறியா?" என்று கேட்டதும் ஒடெஸாதான். பால் கொடுக்கும் தாய்க்கு நேரமும் தனி அறையும் தர வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த காகிதம் அவள் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று அவள் அதை முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

"சரி, அழாத. ஒரு வேளைதானே? அங்க டப்பா பால் கொடுப்பாங்க" என்றாள் ஒடெஸா. சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"போன வாரம் ஒரு தடவ கொடுத்தாங்க. வயிறு கல்லு மாதிரி வீங்கிடுச்சு. ரெண்டு நாள் எல்லாத்தையும் நிறுத்திட்டு ட்ரிப்ஸ்லேயே வெச்சிருந்தாங்க. இவ்வளவு சின்ன குடலுக்கு அது ஆபத்தாப் போகலாம், அம்மா பால்தான் காவல்னு டாக்டர் சொன்னாரு. இந்த வாரந்தான் என் பால மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க." மார்க்கெட்டா ஏப்ரன் பையிலிருந்து கையை எடுத்தாள். அதில் இருந்த புட்டியின் அடியில் பால் ஒரு விரற்கடைகூட இல்லை. "காலைல நர்ஸ் போன் பண்ணாங்க. அங்க இருக்கறது பன்னெண்டு மணிக்கே தீந்துடுமாம். மூணு மணிக்கு இதான் வேணும். வேலைக்கு வந்ததுலேர்ந்து எனக்குப் பால் கொறஞ்சுக்கிட்டே வருது, மிஸ் ஒடெஸா. இப்ப பாருங்க, இவ்வளவுதான்."

ஒடெஸா அந்தப் புட்டியைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். ரப்பர் உறையைக் கழற்றி எறிந்தாள்.

"எழுந்திரு. கார்ல போலாம்."

வெளியே வந்து, பெரிய இஸ்திரி இயந்திரத்தடியில் நின்றிருந்த வெர்லீனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தாள்.

"ஒடெஸா, பன்னெண்டு மணிக்கு லாரி வருது! நீ எங்க போற?"

"வரட்டும். நீதான் இன்னிக்கி நான்."

காரில் ஒடெஸா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். மூன்றாவது தடவை மார்க்கெட்டா முந்திக்கொண்டாள். "ஒண்ணும் பேசாதீங்க. பேசினா அழுவேன். அழுதா பால் இறங்காது." ஒடெஸா வாயை மூடிக்கொண்டு ஓட்டினாள். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றும் வேண்டுமென்றே வழிமறிப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் தாய்மாருக்கான அறையில் மார்க்கெட்டா அரைமணி நேரம் பம்போடு உட்கார்ந்தாள். வந்தது சில சொட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி உட்கார்ந்தாள். அதே சொட்டுதான். சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட்டபோது வெள்ளைக்காரச் செவிலி ஒருத்தி தலை நீட்டினாள். சின்ன வயசு, சுறுசுறுப்பு, முகத்தில் சிரிப்பு.

"வரலையா? பரவால்ல மேடம், மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. மூணு மணிக்கு வேற ரக டப்பா பால் கொஞ்சமாப் போட்டுடறோம். இவ்வளவு நாள் கொடுத்ததே பெருசு. உங்க ஜனங்கள்ல நிறையப் பேர் இவ்வளவு நாளே தாங்கறதில்ல."

நல்ல குரலில்தான் சொன்னாள். அதுதான் ஒடெஸாவைக் குத்தியது. நாற்பது வருடத்துக்கு முன்னால், இதே ஊரில் வேறொரு ஆஸ்பத்திரியில், இதே மாதிரி நல்ல குரலில் ஒரு செவிலி அவள் கையில் ஒரு மாத்திரையை வைத்தாள். பால் வற்றுவதற்கு. கூடவே ஒரு பை நிறைய டப்பா பால். உனக்குக் கொடுக்க விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. ஒடெஸாவும் கேட்கவில்லை. அவள் அம்மாவுக்கோ ஒரே பெருமை. 'அடிமையா இருந்து பண்ணைக்காரன் புள்ளைக்கு மார் கொடுத்துட்டு, சொந்தப் புள்ளையப் பசியில போட்ட வம்சம் நாம. அந்தக் கத நம்மளோட முடியட்டும்' என்பாள். டப்பா பால் வாங்குவது அந்தக் குடும்பத்துக்குத் தலைநிமிர்வு. மாத்திரையை முழுங்கிவிட்டு, கட்டிப்போன மார்போடு இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் அழுததை ஒடெஸா இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை.

"யாரக் கேட்டு முடிவு பண்ணீங்க?" என்றாள்.

செவிலியின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க அவங்க அம்மாவா?"

"இல்ல. அவ பாலத் தொட்டியில ஊத்தினவ. எவ்வளவு வேணாலும் என்ன திட்டுங்க, தகும். ஆனா அவள கேளுங்க. புள்ளைக்கு என்ன கொடுக்கணும், வேற என்ன வழி இருக்குன்னு அவகிட்ட உக்காந்து பேசுங்க. என்ன யாரும் கேக்கல. அவளயாவது கேளுங்க!"

குரல் உயர்ந்துவிட்டது. நடையில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். காவலாளியைக் கூப்பிடுவார்களோ என்று ஒடெஸா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் நகரவில்லை. செவிலி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. நீங்க என்ன நினைக்கறீங்க, மார்க்கெட்டா?"

மார்க்கெட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன என் மார்மேல போடுங்க. கொஞ்ச நேரம். அப்புறம் இன்னொரு தடவ எடுத்துப் பாக்கறேன். வரலன்னா தாய்ப்பால் வங்கிப் பால் கொடுங்க. டப்பா வேணாம்."

"வங்கிப் பாலுக்கு டாக்டர் கையெழுத்து வேணும். அவரு வேற கேஸ்ல இருக்காரு. மூணுக்குள்ள கிடைக்கும்னு சொல்ல முடியாது. நான் போய்க் கேட்டுப் பாக்கறேன்."

செவிலியும் இன்னொருத்தியுமாகச் சேர்ந்து மைக்காவை ஒயர்களோடு தூக்கி அம்மாவின் வெறும் மார்மேல் கிடத்தினார்கள். ஒரு முழு ரொட்டியைவிடக் கொஞ்சம் பெரியவன். ஒடெஸா கை கழுவிக்கொண்டு, சூடாக ஒரு துண்டு கேட்டு வாங்கினாள். எந்தச் சூட்டில் துணி சுருங்கும், எந்தச் சூட்டில் இளகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, நாலாய் மடித்து மார்க்கெட்டாவின் தோள்மேல் போட்டாள். ஆறியதும் வேறு வாங்கி மாற்றினாள்.

இரண்டு நாற்பதுக்குப் பிள்ளை மார்மேல் இருக்கும்போதே பம்பைப் பொருத்தினார்கள். டாக்டர் இன்னும் வரவில்லை. மார்க்கெட்டாவின் கண் புட்டியைவிட்டு அகலவில்லை. புட்டி காலியாகவே இருந்தது. ஒடெஸா மைக்காவின் உபரிக் குல்லாயை எடுத்துப் புட்டிக்கு மாட்டிவிட்டாள்.

"அதப் பாக்காத. அவனப் பாரு."

"உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல இப்ப எனக்குத் தெம்பு இல்ல, மிஸ் ஒடெஸா."

"வேணாம் கண்ணு. நான் அதக் கேட்டு வரல. எனக்கும் ஒரு காலத்துல பால் இருந்துச்சுடி. நிறைய இருந்துச்சு. மாத்திரை கொடுத்து நிறுத்தினாங்க. நானும் விட்டுட்டேன். ரெண்டாவதா என் பொண்ணு பொறந்தப்போவும் அதே டப்பாவத்தான் வாங்கிக் கொடுத்தேன். உன்னப் பாத்து சிரிச்சேன் பாரு, அது உன்னப் பாத்து இல்ல."

மைக்கா வாயைக் குருவிக்குஞ்சாகத் திறந்து மூடினான். மார்க்கெட்டா அவன் உச்சியை முகர்ந்தாள். அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. குல்லாய்க்குள் என்ன நடக்கிறதென்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடிகாரம் இரண்டு ஐம்பத்தைந்து. செவிலி திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள். கையெழுத்து கிடைக்கவில்லை. அவளே குனிந்து குல்லாயைக் கழற்றி, புட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எவ்வளவு வேணும்?" என்றாள் ஒடெஸா.

"இருபத்துநாலு மில்லி." செவிலி இன்னொரு தடவை பார்த்தாள். "இருபத்தேழு இருக்கு."

ஒடெஸா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூக்கு வழியாகப் போன குழாயில் மைக்காவின் மூன்று மணிப் பால் இறங்கியது. மார்க்கெட்டாவே அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் வயிறு வீங்கவில்லை. ஆறு மணிப் பாலுக்குள் டாக்டரின் கையெழுத்தும் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு அறைக்கு வந்தவர்கள் அசந்துபோனார்கள். இழுப்பறையில் கிடந்த காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. மேல்தட்டு முழுவதும் காலி. அதன் விளிம்பில் கொட்டை எழுத்தில் 'மைக்கா' என்று எழுதியிருந்தது. கூடத்தில் உள்ளே பூட்டக்கூடிய ஒரே அறை மேற்பார்வையாளர் அறை. அதன் சாவியை ஒடெஸா எல்லார் முன்னாலும் மார்க்கெட்டாவின் கையில் வைத்தாள்.

"மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ. அவசரமே இல்ல. கதவத் தட்டறவ கைய நான் ஒடிக்கறேன்."

மார்க்கெட்டா சிரிக்கவில்லை. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டாள். பம்பைக் கைப்பையில் ஒளிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

வெர்லீன் காப்பிக் கோப்பையோடு கண் சிமிட்டினாள். "என்ன ஒடெஸா, நம்ம ஜனங்க இதெல்லாம் பண்றதில்லன்னு நீதானே சொன்ன?"

மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு கிளம்பப் பார்த்தது. ஒடெஸாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். நாம பண்ணாதவங்க இல்ல, வெர்லீன், பண்ண விடாம வெச்சிருந்தாங்க. மொதல்ல பண்ணைக்காரன், அப்புறம் ஆஸ்பத்திரி, கடைசில இந்த மேஜையில உக்காந்து சிரிச்ச நாம. அந்தப் பொண்ணு பால ஒளிச்சு வெச்சதாலதான் நான் ஊத்தினேன். நாம சிரிச்சதாலதான் அவ ஒளிச்சு வெச்சா. இனிமே ஒரு தாய்க்குப் பால் வரலன்னு கேள்விப்பட்டா, அவ உடம்பக் குத்தம் சொல்லாதீங்க. அவளச் சுத்தி நிக்கற நாம அவளுக்கு என்ன செஞ்சோம்னு மொதல்ல கேளுங்க."