பதினான்கு படிகள்

காலை ஆறு மணிக்கு அவன் மோட்டாரைப் போடுவான். தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆகும். அந்தப் பதினெட்டு நிமிடமும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நிற்பான். பல் துலக்குவதும் அங்கேதான். நிரம்பி வழியும் குழாயில் முதல் சொட்டு விழுவதற்குள் அணைத்துவிடுவான். பிறகு குளியல், இஸ்திரி போடாத சட்டை, இரண்டு துண்டு ரொட்டி, ஏழே முக்கால் பேருந்து. பதினோரு வாரமாக இதுதான்.

அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மனைவியின் அம்மா. கல்யாணமான நாள் முதல் இவர்களோடுதான் இருக்கிறார். மகள் போன பிறகு அவருக்குப் போக வேறு இடமும் இல்லை. போகச் சொல்ல அவனுக்கு நாக்கும் எழாது.

"மோட்டார் என்ன ஓடியா போயிடும் மாப்பிள்ளை? போய் உட்காருங்க."

"இருக்கட்டும் அத்தை."

தினமும் இந்த இரண்டு வரிதான். முன்பெல்லாம் மோட்டார் போடுவது மனைவியின் வேலை. பள்ளிக்குக் கிளம்பும் முன் போட்டு, நிரம்பியதும் அணைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு மட்டும் போட்டது போட்டபடி போய்விட்டாள். அத்தை அதை ஒரே ஒரு முறை, மூன்றாம் நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தொட்டி வழிந்ததாம், மாடி வீட்டுக்காரர் கத்தினாராம், மகளைத் திட்டிக்கொண்டே சுவிட்சை அணைக்கப் போனாராம். "வாயில திட்டு இருக்கும்போதே தரை ஆடுச்சு மாப்பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் எப்போதாவது, ரொட்டித் தட்டை அவன் முன்னால் வைக்கும்போது கேட்பார்.

"கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா?"

"அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொன்னா."

இரண்டாம் நாள், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தபோது அவன் வாயில் வந்த பொய் அது. காலையில் தான் கிளம்பும்போது வாசலில் சொன்னாள் என்றான். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "முன்னாடியே மனசுக்குத் தெரிஞ்சிருக்கு பாவம்" என்று சித்தி முறையில் ஒருத்தி சொல்ல, அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. பிறகு அதைத் திரும்ப வாங்க வழியில்லாமல் போயிற்று.

உண்மையில் அவள் கடைசியாகப் பேசியது தொலைபேசியில், ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு. எழுத்துக்கு எழுத்து அவனுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் ஏன் கூப்பிட்டான் என்று சொல்ல வேண்டும். ஏன் கூப்பிட்டான் என்று சொன்னால் அவளை அங்கே அனுப்பியது யார் என்பது வெளியே வரும். அவளுடைய தொலைபேசி பள்ளியின் இடிபாட்டில் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு நடந்தது அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்.

அவன் வேலை பார்ப்பது நிலநடுக்க ஆய்வகத்தில். மாநிலம் முழுக்க முப்பத்திரண்டு இடங்களில் அதிர்வுமானிகள் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. அவை அனுப்பும் கோடுகள் நாள் முழுவதும் திரையில் ஓடும். அலை எந்த விநாடியில் வந்தது என்று குறிப்பதுதான் அவன் வேலை. முதலில் வருவது முதல் அலை. வேகமானது, மெலிந்தது, ஜன்னல் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போகும். பின்னால் வருவது இரண்டாம் அலை. கட்டடத்தைச் சாய்ப்பது அது. இரண்டுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று பார்த்தால் எவ்வளவு தூரத்தில் பூமி பிளந்தது என்று சொல்லிவிடலாம். எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

அவள் அவனை டாக்டர் என்று கூப்பிடுவாள். நோயாளி செத்த பிறகு மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர்.

அத்தையும் இதைத்தான் வேறு மாதிரி கேட்டார். "இத்தனை படிச்சு, இத்தனை மிஷின் வெச்சிருக்கீங்க, முன்னாடியே தெரியாதா?" அவன் சொல்லிப் பார்த்தான். நாம் நிற்கும் தரை ஒரு பெரிய தட்டு. பக்கத்தில் இன்னொரு தட்டு. அடியில் இருக்கும் பாறை சூட்டில் மெல்ல மெல்ல நகர்கிறது, கெட்டியாக இருந்துகொண்டே நகர்கிறது, தட்டுகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. வருடத்துக்கு நாலு சென்டிமீட்டர், நகம் வளர்கிற வேகம். விளிம்பு மட்டும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு நூற்றைம்பது வருடம் நின்றது. அன்றைக்கு விட்டுவிட்டது.

அத்தை தன் விரல் நகங்களைப் பார்த்தார். "நகம் வளர்ற வேகத்துக்கா இவ்வளவு ஆட்டம்" என்றார். யாரிடம் போய் முறையிடுவது? பூமியின் நடு வரை, ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆளே இல்லை.

பன்னிரண்டாவது வாரத்தின் முதல் நாள் அவன் உள்ளே நுழைந்ததுமே இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார். சக ஊழியன் ஏற்கெனவே அங்கே இருந்தான். தடித்த கண்ணாடி போடுவதால் ஆய்வகத்தில் அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர். இயக்குநரே அப்படித்தான் கூப்பிடுவார். சோடாபுட்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பள்ளியின் இடிபாட்டை அள்ளி முடித்துவிட்டார்களாம். அடித்தள அறையிலிருந்த அதிர்வுமானிப் பெட்டி கிடைத்துவிட்டதாம். நசுங்கியிருந்தது, ஆனால் உள்ளே பதிவு அட்டை பிழைத்திருந்தது. "நீங்க வெச்ச கருவி. நீங்க இல்லாம திறக்க வேண்டாம்னு இருந்தேன். ஆனா சோடாபுட்டி அவசரக்குடுக்கை, நேத்தே திறந்துட்டான். பார்க்க முடியாதுன்னா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றார் இயக்குநர். அவன் பார்க்கிறேன் என்றான்.

ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பள்ளியின் பழைய கட்டடத்துக்கு அடியில் அந்தப் பெட்டியை வைக்கப் போனபோதுதான் அவளைப் பார்த்தான். இயற்பியல் ஆசிரியை. டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். பதினான்கு படி. பன்னிரண்டாவது படி உடைந்திருந்தது. அது தெரியாமல் கால் வைத்து அவன் தடுமாறி விழப்போனான். "பூமி ஆடுறதை அளக்க வந்தவர் படியிலேயே ஆடுறாரே" என்றாள். பள்ளி அந்தப் படியைச் சரிசெய்யவே இல்லை. மற்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி இறங்குவார்கள். அவள் பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குத் தாண்டிக் குதிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் பெட்டிக்குக் காவல் அவள்தான். கம்பி தளர்ந்தால், விளக்கு அணைந்தால், அவன் கூப்பிடுவான், அவள் இறங்கிப் பார்ப்பாள். மாதத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும்.

சோடாபுட்டி திரையைத் திருப்பினான். கோடு நேராக ஓடியது. பிறகு சின்னச் சின்ன முட்கள்.

"எண்ணிட்டேன். பதினொண்ணு. ஒண்ணைவிட ஒண்ணு பெருசாகிட்டே வருது. அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம் பெருசா ஒண்ணு, அதுக்கடுத்து ஒண்ணு. நாப்பத்தோரு செகண்ட் அமைதி. அதுக்கப்புறம் முதல் அலை." விரலை மேலும் நகர்த்தினான். "இங்கே எட்டு செகண்ட். இரண்டாம் அலை. அதோட பதிவு நின்னுடுது."

முன்னதிர்வுகள் என்றான். பெரிய நடுக்கத்துக்கு முன்னால் பூமி கொடுக்கும் சிறு சமிக்ஞைகள். இவ்வளவு தெளிவான வரிசையை யாரும் பிடித்ததில்லை. மற்ற நிலையங்களில் ஏன் இல்லை என்று இயக்குநர் கேட்டிருக்கிறார். அடுத்த நிலையம் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, அவ்வளவு தூரம் இது எட்டாது என்று அதற்கும் பதில் வைத்திருந்தான். பள்ளி விடுமுறை, அடித்தளத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. அவள் மேலே ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். இடிந்த பிறகு எது எந்தத் தளம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"எலி கூட இவ்வளவு ஒழுங்கா ஓடாது" என்றார் இயக்குநர். "நாலு மணிக்குப் பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லியிருக்கேன். நீங்க ஒரு தடவை பார்த்துச் சரின்னு சொல்லிட்டா போதும்."

அவன் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டிருந்தான். பதினொன்று, ஒரு தாண்டல், குதித்த காலின் கனம், கடைசிப் படி. கருவியை நெருங்க நெருங்கப் பெரிதாகும் முட்கள். அரை விநாடிக்கு ஒரு படி. அவள் எப்போதும் அந்த வேகத்தில்தான் இறங்குவாள்.

கொஞ்சம் நேரம் வேண்டும் என்று சொல்லிப் பதிவை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனான்.

நாற்பத்தோரு விநாடியில் அவள் என்ன செய்தாள் என்பதும் கோட்டில் இருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தது ஒரு சிறு அதிர்வு. கம்பியைச் செருகியது இன்னொன்று. அதற்கு மேல் அசையாமல் நின்றிருக்கிறாள், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தபடி. பிறகு முதல் அலை. அவளுக்கு அது தெரிந்திருக்கும்; பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவள். எட்டு விநாடி. பதினான்கு படிக்கு ஏழு விநாடி.

ஓடினாளா? நின்றாளா?

மதியம் முழுக்க அதைத்தான் தேடினான். அலையின் தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டினான், உயர்ந்தவற்றை வடிகட்டினான், மேலும் கீழும் ஆடிய கோட்டைத் தனியாகப் பிரித்தான். பூமி ஆடும்போது ஒரு மனுஷியின் காலடி அதில் எங்கே நிற்கும்? ஒரு முறை மூன்று முட்கள் தெரிந்தாற்போல் இருந்தது. வடிகட்டியைச் சற்று மாற்றியதும் போய்விட்டன. அசையாதே, ஓடாதே, மேசைக்கு அடியில் போ என்று முன்பு அவளிடம் சொல்லி வைத்ததும் அவன்தான். மேலே ஓடியிருந்தாலும் மேல் தளமும் விழுந்துவிட்டது. எதைச் செய்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அது தெரிந்தும் மூன்றரை மணி வரை தேடினான்.

எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம். அவள் காலடி முன்னதிர்வு என்ற பெயரில் உலகத்தில் இருந்துவிட்டுப் போகும். அவன் அனுப்பியதும் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு எங்காவது ஒரு பள்ளியில், இதே போன்ற முட்களை எதிர்பார்த்துக்கொண்டு, அவை வராததால் யாராவது உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இயக்குநர் கண்ணாடி முன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அது முன்னதிர்வு இல்ல சார். என் மனைவி படி இறங்குறா."

உடைந்த படியைச் சொன்னான். தாண்டிக் குதிப்பதைச் சொன்னான். யாரும் கேட்காமலே, நான்தான் கம்பியைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன் என்பதையும் சொன்னான். இரண்டு நாளாக அந்த நிலையத்திலிருந்து கோடு வரவில்லை, பெட்டி தனக்குள் பதிந்துகொண்டிருந்தது, அனுப்பவில்லை. அவசரமே இல்லை. மறுநாள் பார்த்திருக்கலாம்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். இயக்குநர் தொலைபேசியை எடுத்துச் சந்திப்பை ரத்து செய்யச் சொன்னார். நீங்கள் அனுப்பாவிட்டாலும் அவர் அந்தக் கட்டடத்தில்தானே இருந்திருப்பார் என்றார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆசிரியர் அறையை ஒட்டிய அலுவலகத்தில் இருந்த மூன்று பேரும் முதல் அலையிலேயே மைதானத்துக்கு ஓடிப் பிழைத்தவர்கள். அதை இயக்குநர் மறந்திருந்தார். அவனும் நினைவுபடுத்தவில்லை.

பதிவேட்டில் முட்களுக்கு எதிரே காரணம் எழுத வேண்டும். சோடாபுட்டி தான் எழுதுவதாகச் சொன்னான். அவன் விடவில்லை, தானே தட்டினான். 'மனித நடமாட்டம். இரைச்சல். நீக்கவும்.' கணினி நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினான். திரையில் கோடு நேரானது.

வீட்டுக்குப் போனபோது அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"அத்தை, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பது ஐந்துக்குக் கூப்பிட்டது, கம்பி, பதினான்கு படி. அம்மாவைப் பார்த்துக்கோ என்று அவள் சொல்லவே இல்லை என்பது. அத்தை கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். திரும்ப உதறி, இன்னொரு முறை மடித்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அப்ப என்னதான் சொன்னா?" என்றார்.

அன்றைக்கு அவன் தொலைபேசியை வைத்துவிட்டு, இதோ ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூப்பிடவே இல்லை. அதையும் முதலில் சொன்னான். பிறகு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்.

"சரி டாக்டர், போய்ப் பார்க்கிறேன். மோட்டாரைப் போட்டுட்டு அப்படியே வந்துட்டேன், அம்மாவுக்கு போன் பண்ணி அணைக்கச் சொல்லு. இல்லேன்னா தொட்டி வழியும், அவங்க என்னைத் திட்டுவாங்க."