மாமியார் மெச்சிய மூக்கு

"எங்கம்மா டாக்டர்" என்று மட்டும்தான் காதலன் சொல்லியிருந்தான். என்ன டாக்டர் என்று கேட்காமல் விட்டது இவள் தப்பு. அவன் வீட்டுக் கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்ததும் இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லூரி முடித்த விடுமுறையில் இவள் மூக்கை ஆபரேஷன் செய்து திருத்தியவரே அவர்தான். அந்த விஷயம் காதலனுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் பயம் வந்து தடுத்துவிடும்.

டாக்டரம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ பேரைப் பார்ப்பவர், பாவம். ஆனால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் அவர் கண் நேரே மூக்குக்குத்தான் போனது.

"டேய், எங்கடா புடிச்ச இந்த மூக்கை?"

"கூடவே ஒரு பொண்ணும் வந்திருக்கும்மா."

டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஆபரேஷன் பண்ண மூக்குன்னா பார்த்ததுமே சொல்லிடுவேன். மேட்டை ஒரேயடியா வழிச்சு, நுனியைத் தூக்கிவிட்டு, எல்லாரையும் ஒரே அச்சுல வார்த்துடறாங்க. நான் முதல்ல ஆளைச் சிரிக்கச் சொல்லிப் பார்ப்பேன். மூக்குத் தண்டை மேல செதுக்காம, அடியில கொஞ்சம் எடுத்து இறக்குவேன். அவங்க மூக்கு நடுச்சுவர்லேர்ந்தே துண்டு எடுத்து நுனிக்கு முட்டுக் கொடுப்பேன். லேசான வளைவை அப்படியே விட்டுடுவேன். அப்படியும் இந்த மாதிரி வராது. இது பிறவி மூக்கு!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம். இவளும் அப்படித்தான் இருந்தாள், டாக்டரம்மா அடுத்த வார்த்தையைச் சொல்லும்வரை.

"என் பேரப்பிள்ளைங்களுக்கும் இதே மூக்குதான் வரும், பாரு."

வராதே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் பிரசவ அறையில் குட்டு உடைந்துவிடுமே!

"அத்தை, இது பிறவி மூக்கில்ல. நீங்க பண்ணதுதான்."

டாக்டரம்மா எழுந்து வந்தார். இவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நுனியை விரலால் மெல்ல அழுத்தினார். "அட, என் கைவேலை! என்னையே நான் ஏமாத்திக்கிட்டேனேடா!" என்று குதிக்காத குறை.

காதலன் சிரிக்கவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பழைய மூக்கைப் பார்த்தா வேண்டாம்னுடுவியோன்னு பயம்." சொல்லும்போதே இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"காட்டு."

போனில் தேடிக் கொடுத்தாள். அம்மாவும் பிள்ளையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நடுவில் மேடு தட்டிய நீள மூக்கு. அதற்குக் கீழே வாய் கொள்ளாச் சிரிப்பு.

"இதுவும் லட்சணமாத்தானே இருக்கு" என்று டாக்டரம்மா முணுமுணுத்தார். "பேரனுக்கு இது வந்தா வரட்டும். நான் கத்தியைத் தொடமாட்டேன்."

காதலன் அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான்.

"எதுக்கு?" என்றாள் இவள்.

"இந்தப் படத்துல இருக்கறவளையும் சேர்த்துத்தானே கட்டிக்கப் போறேன்."